மருந்தில்ல, சத்து

பாசிர் பெனம்பாங்ல கடத்தண்ணி தடுப்புக்கர பண்ட தாண்டி ஏறி, மீன் கடைக்காரவுங்க கூடையெல்லாம் ரோட்டுல மெதந்துச்சே, அந்த வாரந்தான். கொரோனாவுக்கு ஊர மூடுன எம்சிஓ முடிஞ்சி ரெண்டாவது தீவாளிக்கு முந்தி. எந்த வருஷம்னு கேட்டா எனக்குச் சொல்ல வராது, தண்ணிய வச்சித்தான் கணக்கு. எம் மக கார எடுத்துக்கிட்டு வந்து எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டா. ஆத்துப் பாலத்துல ஏறுறப்ப எம் பொண்டாட்டி கண்ணாடிய எறக்கிட்டு கீழ பாத்தா. ஒரு நீலக் கூட தனியா மெதந்து போவுது. "பாருங்க, ஆளு வராம கூட மட்டும் மீனு வாங்கப் போவுது"ன்னா. சிரிச்சிக்கிட்டுத்தான் போனா. மறுநாளு கர்ப்பப்பைய எடுக்கப் போறாங்க, அதுல கேன்சரு. அப்படிப் போறவ கூடையப் பாத்து சிரிக்கிறா.

அவளுக்கு ஒதரம் போறத மூனு மாசம் என்கிட்ட சொல்லல. மொதல்ல மககிட்டதான் சொன்னா. மக என்கிட்ட சொன்னா. அது பொம்பள விஷயம், கூச்சம்னு நான் விட்டுட்டேன். அப்பயே எனக்கு ஒறச்சிருக்கணும், இவ என்கிட்ட சொல்லாம வைக்கிறது ஒன்னோட நிக்காதுன்னு.

நான் பள்ளிக்கூடம் போனதில்ல. எழுத்து தெரியாது. நம்பரு தெரியும், செம்பனத் தோட்டத்துல கொல எண்ணுன ஆளு, நம்பருல என்ன யாரும் ஏமாத்த முடியாது. எஸ்டேட்டுல முப்பது வருஷத்துக்கு மேல மருந்தடிச்சேன். மருந்துன்னா வைத்தியம் இல்ல. முதுகுல பம்பு தொட்டிய மாட்டிக்கிட்டு புல்லுக்கு அடிக்கிறது. எங்க லயத்துல மருந்துன்னா ரெண்டே ரெண்டுதான். நான் புல்லுக்கு அடிச்சது ஒன்னு, எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரெஸர் குடுக்குறது ஒன்னு. எங்க டிரெஸரு நல்ல மனுஷன், ஆனா எதுக்குப் போனாலும் அதே வெள்ள மாத்திரதான். பல்லு வலிக்கும் அதுதான், பாம்பு கடிக்கும் அதக் குடுத்துட்டுத்தான் லோரியில ஏத்துவாரு. இந்த ரெண்டத் தவுர மத்ததுக்கெல்லாம் எங்காளுங்க வாயில மருந்துங்கற பேரே வராது. தைலம் தைலந்தான். லேகியம் லேகியந்தான். கையில கொண்டாந்து விக்கிற மாத்திரைக்குப் பேரு சத்து.

இத எதுக்கு இவ்ளோ நீட்டுறேன்னா, எல்லாம் இந்த ஒரு சொல்லுலதான் போயி மாட்டுச்சி.

ஆஸ்பத்திரி பேரச் சொல்லல. பெரிய ஆஸ்பத்திரி, காருல ஒரு மணி நேரம். அவுங்க மேல எனக்கு ஒரு குத்தமும் இல்ல. ஆப்பரேஷனுக்கு முந்துன நாளு ஒரு தமிழ் மிஸ்ஸி, நர்ஸு, கட்டிலுக்குப் பக்கத்துல ஒக்காந்து பொறுமையா கேட்டுச்சி.

"ஆன்ட்டி, வீட்டுல என்னென்ன மருந்து சாப்புடுறீங்க?"

எம் பொண்டாட்டி என்னப் பாத்தா. மிஸ்ஸியப் பாக்கல, என்னத்தான் பாத்தா. "பிரஷர் மாத்திரை ஒன்னுதாம்மா. கிளினிக்ல குடுக்குறது."

"ஜாமு, கம்போங் மருந்து, அந்த மாதிரி?"

"அந்த நாத்தமே எனக்கு ஆவாது."

நான் சும்மா இருந்தேனா. "மிஸ்ஸி, நான் கூடவேதான இருக்கேன். அவ வாயில போடுறது எனக்குத் தெரியாம போவுமா. ஒன்னும் இல்ல, எழுதிக்கிங்க"ன்னேன். நெஞ்ச நிமுத்திக்கிட்டுச் சொன்னேன். மிஸ்ஸி எழுதிக்கிச்சி.

அந்த நெஞ்சு நிமுந்ததுக்கும் ஒரு காரணம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எம் பொண்டாட்டிக்கு முட்டி வலி. கக்கூஸுக்குப் போவணும்னா செவுத்தப் புடிச்சிக்கிட்டுப் போவா. எம்சிஓவுல சம்சு கடைய மூடுனானுங்க, அதோட நான் குடிய விட்டேன். விட்ட கொஞ்ச நாள்லயே அவ எந்திரிச்சி நடந்தா. கோயிலுக்கு நடந்தா, கடைக்கு நடந்தா. மொகம் உருண்டையா, சதப்பத்தா ஆச்சி. ஒட்டுக்கடையில என் கூட்டாளிங்க கிண்டல் பண்ணுவானுங்க.

"என்னப்பா, பொண்டாட்டிக்கு மட்டும் பொங்கிப் போடுறியா? நிலா மாதிரி இருக்கு. நீ என்னடான்னா காஞ்ச கருவாடு."

"வீட்டுல நிம்மதி இருந்தா மொகம் தானா மலரும்லா"ன்னு நான் சொல்லுவேன். நெசமாவே அப்படித்தான் நம்புனேன். நாப்பது வருஷம் குடிச்சி அவள அழ வச்சேன், இப்ப விட்டேன், அது அவ மொகத்துல தெரியுதுன்னு. கண்ணாடியப் பாக்குற மாதிரி அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சிச்சி. எல்லாத்தையும் எடுத்தாச்சி, பரவல போல இருக்குன்னாங்க. மக கும்புட்டா. அன்னிக்கு சாயந்தரமே பிரஷர் எறங்குதுன்னு ஐசியூவுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஐசியூ உள்ள ஒரு நேரத்துல ரெண்டு பேருதான் போவலாம். பச்சச் சட்ட ஒன்னு குடுப்பாங்க, பின்னால முடிச்சி. எனக்கு முடிச்சிப் போடத் தெரியாம மக போட்டு விடுவா. உள்ள அவ வாயில கொழா, கழுத்துல ஊசி, கையி வீங்கி வளையல வெட்டி எடுத்துருக்காங்க. மிஷின்ல நெறைய நம்பரு ஓடுது. மிஸ்ஸி எனக்கு ஒரே ஒரு நம்பரக் காட்டுச்சி. "அங்கிள், இந்தச் செவப்பு நம்பரு அறுவத்தஞ்சுக்கு மேல நிக்கணும். நிக்க மாட்டேங்குது." மருந்து ஏத்த ஏத்த மேல வரும், கொறைச்சா படக்குன்னு விழும். அம்பத்தெட்டு. அறுவது. அம்பத்தாறு. எழுத்து தெரிஞ்சவனா இருந்தா வேற எதையாச்சும் படிச்சிருப்பேன். எனக்கு நம்பரு மட்டுந்தான தெரியும், அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

மூனாவது நாளு சுங்கை சோவுலருந்து எந்தங்கச்சி வந்தா. எனக்கு ஒரே தங்கச்சி. எங்கப்பா நான் சின்னதா இருக்கச்சயே போயிட்டாரு. பள்ளிக்கூடம் போற வயசுல நான் அம்மாவோட ரப்பர் மரத்துக்குப் போயி பாலு கட்டி எடுத்தேன், அவள மட்டும் எஸ்டேட்டு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புனோம். ஆறாவது வரைக்கும் படிச்சா. அவ எழுத்து முத்து முத்தா இருக்குமாம். ஆபீஸுல கணக்கு எழுதுற கிராணியே சொல்லுவாரு. லயத்துல யாருக்கு லெட்டர் எழுதணும்னாலும் என் வீட்டுக்கு வருவாங்க, நான் வாசல்ல ஒக்காந்து அவ எழுதுறதப் பாத்துக்கிட்டு இருப்பேன். என்ன எழுதுறான்னு தெரியாது. பாத்துக்கிட்டு இருப்பேன், அவ்ளோதான்.

கல்யாணம் ஆயி சுங்கை சோ போனப்பறம் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துச்சி, எதையாச்சும் கொண்டாந்து விக்கிறது. காந்த வளையல், தலமுடி எண்ண, கல்லு வச்ச பெல்ட்டு. எனக்குப் புடிக்காது. அவ பெல்ட்ட கட்டி பக்கத்து வீட்டு ஆளுக்கு இடுப்பெல்லாம் புண்ணு. அன்னிக்கு எம் பொண்டாட்டிய கூப்புட்டுச் சொன்னேன், "அவகிட்ட சாப்பாடு வாங்கித் தின்னு, வேற எதையும் வாங்காத. வாங்குன, அவளையும் உன்னையும் ஒன்னா ஏறக் கட்டிருவேன்"ன்னு. கோவத்துல சொன்ன பேச்சு. அப்ப குடியும் இருந்துச்சி.

ஐசியூ வாசல்ல நாங்க மூனு பேரும் நிக்கிறோம், நானு, மக, தங்கச்சி. டாக்டரம்மா வந்தாங்க. மலாய்க்காரவுங்க, சின்ன வயசு. கூட அந்தத் தமிழ் மிஸ்ஸி. மலாய்ல என்ன பாக்சிக், அவள மாக்சிக்னுவாங்க, மருந்துக்கு ஊபாட்.

"பாக்சிக், மாக்சிக் வீட்டுல ஊபாட் என்ன சாப்புட்டாங்க? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"தாடா, இல்ல டாக்டர். பிரஷர் மாத்திரை மட்டுந்தான்."

அவுங்க விடல. திரும்பக் கேட்டாங்க. மிஸ்ஸியும் தமிழ்ல கேட்டுச்சி, "மருந்து எதுவும் வெளியில வாங்குனாங்களா"ன்னு. நான் இல்லன்னேன். மக தெரியலன்னா. எந்தங்கச்சி முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு முன்னாடி வந்தா.

"எங்க அண்ணிக்கு மருந்துன்னாலே ஆவாது மிஸ்ஸி. தலவலிச்சா கூட துன்னூறு பூசிட்டுப் படுத்துக்குவாங்க."

டாக்டரம்மா எம் மககிட்ட என்னமோ கேட்டாங்க. மக கைப்பையத் தொறந்து அவ அம்மாவோட அடையாள அட்ட ஐசியக் குடுத்தா. டாக்டரம்மா அந்த ஐசிய வாங்கிப் பாத்தாங்க, உள்ள கட்டில்ல கெடக்குற மொகத்த கண்ணாடி வழியா பாத்தாங்க, திரும்ப ஐசியப் பாத்தாங்க. போட்டோவுல எம் பொண்டாட்டி கன்னம் ஒட்டி, தாட நீண்டு இருப்பா.

"இந்த மொகம் எப்பருந்து உருண்டையாச்சு?"

"ரெண்டு வருஷம். நான் குடிய விட்டதுலருந்து"ன்னேன்.

மிஸ்ஸி அத மலாய்ல சொல்லுச்சி. டாக்டரம்மா சிரிக்கல. மெதுவா சொன்னாங்க, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதுக்கு கொஞ்சமா ஊசி ஆரம்பிச்சிட்டேன். ஆனா வயித்துல புதுசா தையலு, அந்த ஊசி அதிகமானா புண்ணு ஆறாது, சீழு புடிக்கும். நெசம் தெரிஞ்சா தைரியமா குடுப்பேன். வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க. மருந்துன்னு நீங்க நெனைக்காத சாமானையும் கொண்டாங்கன்னாங்க.

மக அங்கயே இருந்தா. பக்கத்து வீட்டு மலாய்க்காரரு அன்னிக்கு பாக்க வந்திருந்தாரு, அவரு கார்லயே திரும்பிப் போனேன். ஒரு கோணிய எடுத்தேன். தைலம், கற்பூரம், இஞ்சித் தூளு, தலைக்கு வைக்கிற எண்ண, பல்லுப் பொடி, எல்லாம் உள்ள. குசினி பலகையக் கூட்டி அள்ளுறப்ப இட்டிலிக் கொப்பரை கலகலன்னுச்சி. அரவ மிஷின் கெட்டுப்போனதுலருந்து நாங்க இட்டிலி ஊத்துறதில்ல. தொறந்தேன். தட்டுக்கு அடியில ரெண்டு பாட்டிலு. ஒன்னு காலி. ஒன்னுல பாதி, பச்சையும் மஞ்சளுமா கூடு மாத்திரை. பாட்டில்ல ஒரு வெள்ளத் தாளு ஒட்டி, மையில எழுதியிருக்கு.

வர்ற வழியில அவருகிட்ட காட்டுனேன். "என்ன எழுதியிருக்கு?"

"உங்க தமிழ் எழுத்துலா இது. நீங்க என்னயக் கேக்குறீங்க?"ன்னாரு. பாவம், அவருக்கு எப்படித் தெரியும், எனக்குத் தெரியாதுன்னு. முப்பது வருஷமா பக்கத்துல இருக்கோம், நான் சொன்னதில்ல.

ஒரு மணி நேரம் அத மடியில வச்சிக்கிட்டு வந்தேன். தடவிப் பாத்தேன். வரி வரியா, நேரா, அழகா இருக்குன்னு கூட நெனச்சேன்.

ஐசியூ வாசல்ல கோணியக் கொட்டுனேன். மிஸ்ஸிக்கு அந்தக் கவலையிலயும் சிரிப்பு வந்துச்சி, "அங்கிள், பல்லுப்பொடி கூடவா"ன்னுச்சி. அப்பறம் பாட்டில எடுத்துச்சி. படிச்சிச்சி. வாய்விட்டே படிச்சிச்சி, எனக்காக.

"அண்ணிக்கு. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு, சாப்புட்டப்பறம். தீரப் போவுதுன்னா முன்னாடியே சொல்லுங்க. அண்ணங்கிட்ட காட்டாதீங்க."

எந்தங்கச்சி நாலடி தள்ளி பிளாஸ்டிக் நாக்காலியில ஒக்காந்திருக்கா. மிஸ்ஸிக்கு அவதான் எழுதுனான்னு தெரியாது. நான் திரும்பிப் பாத்தேன். அவ தரையப் பாக்குறா.

டாக்டரம்மா பாட்டில எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அப்பறம் மிஸ்ஸி வந்து எனக்குப் புரியிற மாதிரி சொல்லுச்சி. ஒடம்பு தானா சுரக்குற ஒரு சாமான் இருக்காம், அடி பட்டா, கத்தி பட்டா, அதுதான் பிரஷரத் தாங்கிப் புடிக்குமாம். இந்த மாத்திரையில அதே மாதிரி சாமானக் கள்ளத்தனமா கலந்துருக்காங்க போல இருக்கு. முட்டி வலி பறந்துரும், மொகம் ஊதிரும். தெனம் வெளியிலருந்து வந்தா ஒடம்பு தான் சுரக்குறத விட்டுரும். ஆப்பரேஷனுக்கு வந்தப்ப ஆன்ட்டி சாப்புடுறத படக்குன்னு நிப்பாட்டிட்டாங்க, அதான்.

மொகம் ஊதுன காரணம் அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி. என் நிம்மதி இல்ல, என் குடிய விட்டது இல்ல.

நான் தங்கச்சி பக்கத்துல போயி ஒக்காந்தேன். கத்தல. அது கத்துற எடமில்ல.

"ஏம்மா. மூனு நாளு அவ சாவோட கெடக்குறா. ஒன் முன்னாடிதான கேட்டாங்க."

"மருந்துன்னுதான அண்ணே கேட்டாங்க. நான் குடுத்தது சத்து. அப்படித்தான் எனக்கு விக்கிறவன் சொன்னான்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட காட்டாதன்னு எழுதுன?"

அவ சொன்னா, "சொன்னா போலீசு என்னயப் புடிச்சிக்குமோன்னு பயம். சொல்லாமயே அண்ணி எந்திரிச்சிருவாங்கன்னு நெனச்சேன். எம் பேரப் புள்ளைங்களுக்கு நாந்தான் பொங்கிப் போடுறேன், உங்களுக்குத் தெரியாதா."

"துன்னூறு பூசிக்கிட்டு படுத்துக்குவான்னு சொன்னியே. அத யாரு ஒன்ன சொல்லச் சொன்னா?"

டாக்டரம்மா கேட்டப்ப சும்மா இருந்திருந்தா பயந்துட்டான்னு விட்டுருப்பேன். அவ முன்னாடி வந்து பேசுனா. அதத்தான் என்னால இன்னி வரைக்கும் செரிக்க முடியல. அவ எழுந்து போயி பஸ்ஸுக்கு நின்னா. நான் தடுக்கல.

அந்த ஊசிய இப்ப முழு அளவுல, நேரத்துக்கு நேரம் குடுத்தாங்க. அன்னிக்கு சாயந்தரம் செவப்பு நம்பரு அறுவத்தி ரெண்டு. மறுநாளு காலையில அறுவத்தெட்டு. நான் பாக்கப் பாக்க எழுவத்தொன்னு. மத்த மருந்த ஒன்னொன்னா கொறச்சாங்க, விழல. ரெண்டு நாளு கழிச்சி வாயிலருந்து கொழாய எடுத்தாங்க.

மொதல்ல அவளுக்கு எங்க இருக்கோம்னு தெரியல. மிஷின் சத்தத்தக் கேட்டு, எஸ்டேட்டுல வேலைக்குப் போறவுங்க புள்ளைங்கள விடுற ஆயாக் கொட்டாயில புள்ளைங்க அழுவுது, போயிப் பாருங்கன்னா. கையக் கட்டி வச்சிருந்தாங்க, ஊசியப் புடுங்கிருவான்னு. மிஸ்ஸி மருந்து கொண்டாந்தா வாயத் தொறக்க மாட்டா, என்னக் கை காட்டி, "இவரு புல்லுக்கு அடிக்கிறது, எனக்கு வேணாம்"பா. ஐசியூல இருந்தா அப்படித்தான் கொஞ்ச நாளு ஒளறுவாங்க, தெளிஞ்சிரும்னு சொன்னாங்க. தெளிஞ்சிச்சி. தெளிஞ்சப்பறந்தான் எனக்கு வலிச்சிச்சி.

வார்டுக்கு மாத்துன நாளு, கரகரன்னு தொண்ட. கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன். கேக்குறா, "உங்க தங்கச்சி வந்தாளா?"

"வந்தா."

"அவள ஒன்னும் சொல்லிராதீங்க. ரெண்டு வருஷம் நான் செவுத்தப் புடிக்காம நடந்தேன்னா அது அவ குடுத்ததுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டியிருப்பீங்க."

"நிப்பாட்டியிருந்தா ஐசியூவுக்கு வந்திருக்க மாட்ட."

"முட்டி உங்களுக்கா வலிச்சிச்சி?"ன்னா. கஞ்சிய முழுங்குனா. அடுத்த கரண்டிக்கு வாயத் தொறந்தா.

மிஸ்ஸி மருந்தப் பத்திக் கேட்டப்ப அவ என்னப் பாத்தாள்ல, அது எனக்கு அப்பத்தான் புரிஞ்சிச்சி. நான் வெளிய போயிருந்தா அவ சொல்லியிருப்பா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன், எழுதிக்கிங்கன்னு நெஞ்ச நிமுத்துனேன் பாருங்க, அதோட அவ வாய நாந்தான் மூடுனேன். ஆனா அதுக்காக அவ செஞ்சது சரியாயிருமா. நாப்பத்தேழு வருஷம் ஒரே குசினியில சோறு. என் தங்கச்சிக்கும் அவளுக்கும் நடுவுல நான் ஒரு கல்லு மாதிரி ஒக்காந்திருந்திருக்கேன், என்னச் சுத்தி எழுத்து போயிருக்கு, வந்திருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்பறம் எதுக்கு இட்டிலிக் கொப்பரையில ஒளிச்சா? மேசையிலயே வச்சிருந்தாலும் நான் கண்டிருக்க மாட்டேன். சத்துன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். அந்த அளவுக்குக் கூட என்ன நம்பல.

இப்ப வீட்டுல இருக்கா. கேன்சருக்கு வேற ஒன்னும் ஏத்த வேண்டியதில்ல, மூனு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து காட்டுங்கன்னுட்டாங்க. அந்தச் சாமான டாக்டரே மாத்திரையாக் குடுத்து, கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கச் சொல்லியிருக்காங்க, பட்டுன்னு விடக்கூடாது. மக எனக்காக அட்டையில சூரியன் படம் போட்டு, பக்கத்துல நம்பரு போட்டுக் குடுத்திருக்கா. நாந்தான் எடுத்துக் குடுக்குறேன். முழுங்குனாளான்னு பாக்குறேன். வாயத் தொறந்து காட்டுறா, நாக்கத் தூக்கி அடியிலயும் காட்டுறா, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி. "போதுமா போலீஸ்காரரே"ம்பா. மொகம் வத்தி ஐசி போட்டோ மாதிரி ஆயிட்டா. முட்டி வலி திரும்பி வந்துருச்சி, செவுத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் நடக்குறா. கிளினிக்ல அதுக்கும் சொல்லியிருக்கோம். தங்கச்சியோட நான் பேசறதில்ல. இவ பேசறா, போனுல, நான் வெளிய போனப்பறம். எனக்குத் தெரியும்.

நான் சொல்லச் சொல்ல நீங்க இத எழுதிக்கிறீங்க. எனக்குப் படிச்சிக் காட்ட வேணாம், என்ன சொன்னேன்னு எனக்கே தெரியும். நீங்க போற எடத்துல, தஞ்சோங் காராங்கோ, பாகான் பக்கமோ, ராவாங் பக்கமோ, நம்ம பொம்பளைங்க யாராச்சும் ஆப்பரேஷனுக்குப் போறாங்கன்னு கேள்விப்பட்டா இதச் சொல்லிருங்க. கையில வாங்கித் தின்ன சத்தையும் சாமானையும் பாட்டிலோட தூக்கிக்கிட்டுப் போயி காட்டச் சொல்லுங்க, மருந்தான்னு யோசிக்க வேணாம். இன்னொன்னும் சொல்லுங்க. டாக்டரு கேள்வி கேக்க வந்தா, புருஷன வெளிய போயி ஒக்காரச் சொல்லிட்டு அப்பறம் கேக்கச் சொல்லணும். கோவிச்சிக்குவான், பரவால்ல. வெளிய நாக்காலி இருக்கு.